பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டேன்மா" என்று ரெண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறாய். நானும் கேட்க நினைத்ததை விட்டுவிட்டு அங்கே மழையா, துணி காய்கிறதா என்று எதையாவது கேட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாக முழுசும் படி.

ஊர்ச் சேதி பெரிதாக இல்லை. சம்பா நட்டாயிற்று. தெற்கு வயலில் வழக்கம்போல சி.ஆர். 1009 ரகம், மேட்டு வயலில் அப்பா இந்த வருஷம் பி.பி.டி. போட்டிருக்கிறார், நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. அப்பாயி ஒருவழியாகக் கண் ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டார்கள், தேதிதான் குறிக்க வேண்டும். சித்தப்பா வீட்டு விவகாரம் நீ போகும்போது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது, அதைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை.

நெல்வயலிலிருந்து கிளம்பிப் பூமியைச் சூடாக்குகிற மீத்தேன் வாயுவை அளக்க நீ அங்கே போன புதிதில் தினமும் படம் அனுப்புவாய். வயலுக்குள் பலகை போட்டு அதன் மேல் நீ குந்தி உட்கார்ந்து, பயிரை மூடின அக்ரிலிக் பெட்டியிலிருந்து சிரிஞ்சில் காற்றை இழுத்துக்கொண்டிருந்த படத்தை அப்பா இன்னும் போனில் வைத்திருக்கிறார். எதற்குப் பலகை என்று அவர் கேட்டதற்கு, சேற்றில் கால் வைத்தால் அடியில் தங்கிய வாயு குமிழியாகக் கிளம்பிவிடும், அப்புறம் பெட்டிக்குள் சேர்ந்தது பயிர் வழியாக வந்த மீத்தேனா நம் கால் கிளப்பிய மீத்தேனா என்று பிரிக்கவே முடியாது என்று சொன்னாய். பெட்டியை வைத்த நேரத்தில் ஒன்று, பத்து பத்து நிமிஷ இடைவெளியில் மூன்று என்று குப்பியில் அடைத்துக் கொண்டுபோய் கேஸ் குரோமட்டோகிராஃப் என்கிற வாயு அளக்கும் கருவியில் ஏற்றுவது, நாலு புள்ளியும் ஒரே கோட்டில் ஏறாவிட்டால் அந்த அளவைத் தள்ளிவிடுவது, எல்லாவற்றையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். நிற்கும் தண்ணீருக்கு அடியில் காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர் உண்டாக்குகிற வாயுவில் பெரும்பங்கு நெல்லின் தண்டு வழியாகத்தான் மேலே வருகிறது என்பதை, வேளாண்மைத் துறையில் இத்தனை காலம் வேலை பார்த்த நான் உன்னிடம்தான் தெரிந்துகொண்டேன். அப்பா அதை டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தார். கும்பகோணத்தில் பிறந்த சுவாமிநாதன் ஐயா 1982 முதல் 1988 வரை தலைமை இயக்குநராக இருந்த சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் என் மகள் போய் அளவெடுக்கிறாள் என்று அவர் சொல்லும்போது எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆகஸ்டுக்கு அப்புறம் படம் நின்றுபோயிற்று. பேச்சும் குறைந்துபோயிற்று. காலையில் வெறும் வயிற்றில் வயலில் இறங்காதே என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் சரிம்மா என்கிறாய், செய்கிறாயா என்பதுதான் தெரியவில்லை.

ஒரே ஒருமுறை வாய்தவறிச் சொன்னாய், "இந்த சீசன் டேட்டா வீண்மா" என்று. ஏன் என்று கேட்பதற்குள் பேச்சை மாற்றிவிட்டாய். நான் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் புரிந்தது சரியா என்று நீதான் சொல்ல வேண்டும். ஒரு பங்கில் எப்போதும் தண்ணீர் கட்டி வைத்தீர்கள், இன்னொரு பங்கில் குழாய் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகுதான் திரும்பப் பாய்ச்சுவது என்று வைத்தீர்கள். மழை விடவேயில்லை. குழாயில் தண்ணீர் இறங்கவேயில்லை. காயவைக்க வேண்டிய வயல் காயவில்லை, ரெண்டு வயலும் ஒரே மாதிரி மீத்தேன் விட்டன. ஐ.பி.சி.சி. என்கிற ஐ.நா. காலநிலைக் குழுவின் கையேட்டுக்கு வந்த 2019 திருத்தத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட முறை வடித்த வயலுக்கு எப்போதும் நீர் நின்ற வயலின் மீத்தேனில் 0.55 பங்குதான் என்று போட்டிருப்பதாக நீதான் காட்டினாய். கிட்டத்தட்ட பாதி குறையும் என்று எதிர்பார்த்துப் போன பிள்ளைக்குக் குறையவேயில்லை என்றால் மனசு ஒடிந்துதான் போகும்.

ஆனால் பாப்பா, இதைக் கேள். நான் வேலையில் இருந்தபோது காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டச் சொல்லி ஊர் ஊராகப் போய்ச் சொன்னவள். அப்போது மீத்தேன் பேச்சே இல்லை, தண்ணீர் மிச்சமாகும், வேர் நன்றாகப் பிடிக்கும் என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள், நாங்களும் அதையே சொன்னோம். குறுவையில் சிலர் கேட்டார்கள். சம்பாவில் யாரும் கேட்கவில்லை. ஐப்பசி கார்த்திகையில் வானமே பாய்ச்சும்போது எங்கே காயவைக்கிறது என்று ஒரு பெரியவர் என்னைத் திருப்பிக் கேட்டார், அதற்கு என் கையில் இருந்த துண்டுப் பிரசுரத்தில் பதில் இல்லை. உன் வயல் இந்த மழையில் சொல்லியிருப்பது அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கான பதில். எந்தப் பருவத்தில் இந்த முறை பலிக்கும், எதில் பலிக்காது என்று அளந்து சொல்ல ஆள் வேண்டும். பிலிப்பைன்ஸிலேயே மழையையும் மண்ணையும் வைத்து எங்கே எப்போது வயலைக் காயவைக்க முடியும் என்று வரைபடம் போட்டிருக்கிறார்கள் என்று நீதான் சொன்னாய். மழைக்காலத்தில் காயவில்லை என்பது அந்த வரைபடத்துக்கு வேண்டிய சேதிதானே? அது எப்படி வீணாகும்?

நீ இதை எழுதாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குக் கவலை. 1990 வாக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இந்திய நெல்வயல்கள் வருஷத்துக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் விடுவதாகக் கணக்குப் போட்டது. நம் வயலில் இறங்கி அளந்த கணக்கில்லை அது, வேறு நாடுகளில் அளந்ததை வைத்து இங்கே பெருக்கிக்கொண்ட கணக்கு. 1991-இல் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்திலிருந்து ஏ.பி. மித்ரா முன்னின்று, நாட்டின் பல பகுதிகளில் நெல்வயல்களில் பெட்டி வைத்து அளக்கச் செய்தார். வந்த கணக்கு சுமார் 40 லட்சம் டன். கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு! அன்றைக்குப் போய் அளந்தவர்களில் உன் வயசுப் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். அவர்கள் போகாமல் இருந்திருந்தால் அந்தப் பெரிய எண் நம் விவசாயி தலைமேல் உட்கார்ந்திருக்கும், யாரிடம் போய் இறக்கி வைப்பது?

உன்னோடு அறையில் தங்கியிருக்கிற கென்யாப் பெண்ணும் இதையேதானே சொன்னாள். நைரோபியில் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் மாசிங்கிரா மையத்தில் உள்ளூர் மாடுகளை அறைக்குள் விட்டு, அது தின்னும் தீனிக்கு எவ்வளவு மீத்தேன் விடுகிறது என்று அளக்கிறார்கள், அதற்கு முன்னால் எங்கோ வேறு மாட்டுக்குப் போட்ட கணக்கைத்தான் ஆப்பிரிக்க மாட்டுக்கும் வைத்திருந்தார்கள் என்று. அந்தப் பெண் நல்ல பெண். அவளோடு சேர்ந்து சாப்பிடு, தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டால் நீ ஒழுங்காகச் சாப்பிட மாட்டாய், எனக்குத் தெரியும்.

2021-இல் ஐ.நா. வெளியிட்ட மீத்தேன் மதிப்பீட்டில் மனிதரால் வரும் மீத்தேனில் கால்நடை 32 சதவீதம், நெல் 8 சதவீதம் என்று இருந்தது. அதே வருஷம் கிளாஸ்கோவில் பல நாடுகள் மீத்தேனைக் குறைக்கிறோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள், இந்தியா சேரவில்லை. சின்ன விவசாயியின் பிழைப்பு இதில் இருக்கிறது என்பதுதான் நம் பக்கத்து வாதம், எனக்கும் அதில் நியாயம் தெரிகிறது. ஆனால் சேராமல் இருப்பதால் நம் வயல் மீத்தேன் விடாமல் இருக்காது. குறைக்க வழி இருந்தால் குறைக்கத்தான் வேண்டும், அது விவசாயியை நசுக்காமல் நடக்க வேண்டும். அதற்கு ரெண்டு பக்கமும் தெரிந்த பிள்ளைகள் வேண்டும். அதனால்தான் கிளிஃப்-கிராட்ஸ் மாதிரியான உதவித்தொகைகளை நான் மதிக்கிறேன், வளரும் நாடுகளில் முனைவர் பட்டம் படிக்கிற பிள்ளைகளைச் சில மாதம் நல்ல ஆய்வகத்தில் வைத்து அளக்கப் பழக்கி ஊருக்கு அனுப்புவது சின்னக் காரியமில்லை. நம் வட்டாரத்தில் பி.எஸ்சி. அக்ரி முடித்துவிட்டு வருகிற பிள்ளைகளிடம் மீத்தேன் எப்படி அளப்பது என்று கேட்டுப் பார், பாடத்தில் படித்திருப்பார்கள், பெட்டியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு குறையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உங்களுக்குக் கருவி சொல்லிக் கொடுக்கிறார்கள், புள்ளியியல் சொல்லிக் கொடுக்கிறார்கள், கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுக்கிறார்கள். விவசாயியிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக் கொடுக்கிறார்களா? கடைமடைக்காரர் தண்ணீரை ஏன் வடிக்க மாட்டேன் என்கிறார்? அடுத்த முறை வாய்க்காலில் தண்ணீர் வருமா என்று அவருக்கு நம்பிக்கை இல்லை, கைக்கு வந்ததைப் பிடித்து வைத்துக்கொள்கிறார். மேல்வயலிலிருந்து கீழ்வயலுக்கு வழிந்து பாய்கிற இடத்தில் ஒருவர் மட்டும் எப்படிக் காயவைப்பார்? ஆழ்குழாய் வைத்திருப்பவருக்கு மின்சாரம் இலவசம், தண்ணீரை மிச்சம் பிடித்து அவருக்கு ஆவதென்ன? காய்ந்தால் களை வருகிறது, களையெடுக்கக் கூலி யார் கொடுப்பது? அப்புறம் யூரியா போட்ட சூட்டில் காயவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும், அது பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப் போல 273 மடங்கு என்று நீ சொன்னாயே, உரத்தையும் தண்ணீரையும் சேர்த்துச் சொல்லாமல் தண்ணீரை மட்டும் சொன்னால் பாதி வேலைதான். இதெல்லாம் தெரியாமல் பயிற்சி முடித்து வருகிற பிள்ளை, என்னுடைய அந்தத் துண்டுப் பிரசுரத்தைத்தான் திரும்பவும் கையில் எடுத்துக்கொண்டு வரும்.

நம் பக்கமும் இனிமேல் கார்பன் வரவு, அதாவது வயலில் குறைத்த வாயுவுக்குக் காசு என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். சீனாவில் நெல்வயல் மீத்தேன் திட்டங்கள் 37-ஐ 2024-இல் கார்பன் வரவுக்குச் சான்று தரும் வெர்ரா அமைப்பு நிராகரித்தது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அளவு சரியில்லாமல் விற்ற கணக்கு நிற்காது. நம் விவசாயியிடம் கையெழுத்து வாங்க வருகிறவனிடம் உன் அளவு எங்கே, எந்தப் பருவத்தில் எடுத்தாய் என்று கேட்க இங்கே ஒரு ஆள் வேண்டும். நான் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேறு யாரை நினைப்பேன்?

இதை எழுதவா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். தம்பி சொன்னான், அவன் கம்பெனியில் டேட்டா வேலை இருக்கிறதா, எவ்வளவு தருவார்கள் என்று நீ விசாரித்தாயாம். அவன் மேல் கோபப்படாதே, அவனாகச் சொல்லவில்லை, நான் துருவித் துருவிக் கேட்டேன். விசாரித்ததில் ஒரு தப்பும் இல்லை. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்த செய்தி வந்ததிலிருந்து, இந்த மாதிரி ஆராய்ச்சிகளுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று நானும்தான் பயந்துகொண்டிருக்கிறேன். உதவித்தொகை முடிந்தால் அப்புறம் என்ன என்று உனக்கு ராத்திரி தூக்கம் வராமல் இருக்கும். வயசும் ஆகிறது, கூடப் படித்ததுகள் எல்லாம் சென்னையில் வீடு வாங்குகிறதுகள். எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் தம்பியிடம் கேட்டதை என்னிடம் ஏன் கேட்கவில்லை? இந்த வேலை எப்படிப்பட்டது என்று வீட்டில் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. எனக்கு அதுதான் வருத்தம், வேறொன்றும் இல்லை.

நீ எந்த வேலைக்குப் போனாலும் சம்மதம். ஆனால் இந்த மழைக்காலத்து அளவுகளை எழுதி முடித்துவிட்டுப் போ. எந்தெந்த நாள் மழை, எவ்வளவு, குழாயில் நீர்மட்டம் எங்கே நின்றது, யூரியா எப்போது போட்டீர்கள், எல்லாவற்றையும் எழுது. கோட்டில் சேராத புள்ளிகளை எதனால் தள்ளினாய் என்பதையும் எழுது. வழிகாட்டிப் பேராசிரியர் அடுத்த கோடைக்கால டேட்டா வரட்டும் பார்க்கலாம் என்றால், மரியாதையாகவே, இதையும் சேர்த்துப் போடலாம் ஐயா என்று கேள். அவர் நல்ல மனுஷர் என்றுதானே சொன்னாய், கேட்பார்.

அறுவடை ஆனதும் ரெண்டு பங்கின் மகசூலையும் எனக்கு அனுப்பு. தையில் நீ வர முடிந்தால், இங்கே வட்டார அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளை ஒருநாள் நம் மேட்டு வயலுக்கு வரச் சொல்லலாம் என்று பேசி வைத்திருக்கிறேன், பெட்டி எப்படி வைப்பது என்று மட்டுமாவது காட்டு. கேஸ் குரோமட்டோகிராஃபுக்குக் கோயம்புத்தூர்தான் போக வேண்டும் என்பது தெரியும், அதை அப்புறம் பார்ப்போம். வர முடியாவிட்டால் முடியாது என்று சொல், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

காலையில் எதையாவது வயிற்றுக்குப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போ. தொப்பி போடு. மழையில் நனைந்தால் தலையை உடனே துவட்டு.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அப்பாவும் வீட்டில் இருப்பார். தம்பி சொன்னது அவருக்குத் தெரியாது. நீயாகச் சொல்கிற வரைக்கும் நானும் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
அம்மா