புகைபோக்கியை நிமிர்த்தி அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை சிறுவர் இணைப்பில் வெட்டி ஒட்டுவதற்கென்று ஒரு காகிதக் கப்பலை வெளியிட்டிருந்தீர்கள். பத்தே நிமிடத்தில் செய்துவிடலாம் என்று கீழே ஒரு வரியும் இருந்தது. நானும் என் பேரனும் கத்தரிக்கோலும் பசையுமாக ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். கடைசியில் கைக்கு வந்ததைக் கப்பல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எண்ணெய் ஊறிய பஜ்ஜிப் பொட்டலம்கூட அதைவிட நிமிர்ந்து நிற்கும். "நமக்குச் செய்யத் தெரியவில்லையா, ஆச்சி?" என்று பேரன் கேட்டான். நமக்குத் தெரியும், பத்திரிகைக்காரர்களுக்குத்தான் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். சொன்னதற்குக் காரணம் காட்ட வேண்டும் அல்லவா, அதற்காகவே இந்தக் கடிதம்.

நான் சிவகாசியில் 28 ஆண்டுகள் பைண்டிங் வேலை பார்த்தவள். காலண்டர், டைரி, கணக்கு நோட்டு, கோவில் தல புராணம் என்று என் கை மடிக்காத தாள் குறைவு. இப்போது தூத்துக்குடியில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஆறு ஆண்டுகளாகக் காகிதத்தில் கப்பல் செய்கிறேன். வாசலில் தேங்கும் மழைத் தண்ணீரில் விடுகிற கப்பலை இங்கே சொல்லவில்லை.

முதலில் உங்கள் புகைபோக்கி. அதைப் படுக்கைவாட்டில் அச்சிட்டிருந்தீர்கள். காகிதத்துக்கு இழை ஓட்டம் என்று ஒன்று உண்டு. உங்கள் நாளிதழையே எடுத்து மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள். நூல் பிடித்தாற்போல் கிழியும். இடமிருந்து வலமாகக் கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். இழை மேலிருந்து கீழாக ஓடுவதுதான் காரணம். கோரைப் பாயை நினைத்துக்கொள்ளுங்கள். கோரை நேராகக் கிடக்கும்படி சுருட்டினால் பாய் சொன்னபடி கேட்கும். கோரையையே வளைத்துச் சுருட்டப் பார்த்தால் முறியும். குழாய் செய்யும் தாளும் அப்படித்தான்: இழை குழாயின் நீளவாட்டில் நிற்க வேண்டும். உங்கள் புகைபோக்கியில் அது குறுக்கே கிடந்தது. மூன்று இடத்தில் ஒடிந்து முக்கோணமாகிவிட்டது.

அடுத்து, வெட்டும் பக்கத்தின் மறுபுறம் குறுக்கெழுத்துப் போட்டி. நங்கூரத்தை வெட்டியதில் மேலிருந்து கீழ் ஏழாம் எண் முழுவதுமாகப் போய்விட்டது. என் மருமகள் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதற்குமேல் உங்களைக் குறை சொல்லப் போவதில்லை. உள்ளே எலும்புக்கூடு இல்லாமல் கப்பல் நிற்காது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது.

என் மகன் சரக்குக் கப்பலில் எந்திர அறையில் வேலை செய்கிறவன். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஹாம்பர்க் துறைமுகத்தில் கரையிறங்கியபோது, கப்பல் படப் புத்தகம் என்று நினைத்துப் பிள்ளைக்கு ஒன்று வாங்கிவந்தான். பிரித்தால் கதையைக் காணோம். பக்கம் பக்கமாக நூற்றுக்கணக்கான துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் எண், புள்ளிக்கோடு, கத்தரிக்கும் கோடு. பேரனுக்கு அப்போது நான்கு வயது. அவன் அதைத் தின்னப் பார்த்தான். நான் பிடுங்கிக்கொண்டேன். தாளை விரலால் தடவியதுமே நல்ல தாள் என்று தெரிந்தது. மடிப்புக்கோடு எங்கே, ஒட்டும் விளிம்பு எங்கே என்று பார்க்க ஜெர்மன் மொழி தேவைப்படவில்லை. அட்டையில் கப்பலின் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. மகன் வாசித்துச் சொன்னான்: எம்டன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் அப்பா ஒருவரை "அவன் எம்டன்" என்றால் மெச்சுகிறாரா வைகிறாரா என்று கடைசிவரை தெரியாது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் இருந்ததையும், அது 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று சுமார் 130 குண்டுகளைப் போட்டு பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்தியதையும் மகன்தான் சொன்னான். ஊரையே கிடுகிடுக்க வைத்த கப்பல் என் தையல் மெஷின் மேசையில் துண்டு துண்டாகக் கிடந்தது.

நிஜக் கப்பலின் நீளம் 118 மீட்டர். ஜெர்மானியர்கள் பெரும்பாலும் 250இல் ஒரு பங்கு என்ற அளவில்தான் தாள் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் 47 சென்டிமீட்டர் வந்தது. தண்ணீர்க் கோட்டுக்கு மேலே உள்ள பகுதி மட்டும்தான். அடியில் தட்டையான ஓர் அட்டை, அதன் நடுவே முதுகெலும்பாக நெடுக ஓர் அட்டை, குறுக்கே விலா எலும்புகளாகப் பல அட்டைகள், ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ள வெட்டுவாய். இதன் மேல் தளத்தை ஒட்டி, பிறகு இருபக்கமும் தோலைப் போர்த்த வேண்டும்.

முதல் முறை படுதோல்வி. பழக்க தோஷத்தில் மைதா பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தமும் போட்டேன். பைண்டிங்கில் அதுதான் வழக்கம். இங்கே தளத்தின் வெளிர் மஞ்சளில் நீலத் திட்டு பாய்ந்தது. அது போகட்டும். ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் கப்பலின் மூக்கும் வாலும் மேலே எழும்பி முழுக் கப்பலும் வாழைப்பழம் போல வளைந்துவிட்டது. அட்டைக்கு ஒரு பக்கம் ஈரப் பசையோடு தாள் ஒட்டினால் காயும்போது அந்தப் பக்கமே இழுக்கும். மறுபக்கமும் அதே தாளை ஒட்டினால்தான் அட்டை நேராக நிற்கும். வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு நான் முதல் நாளே சொல்லித் தந்த பாடம் இது. அதை நானே மறந்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மகன் அடுத்த பயணத்தில் இன்னொரு பிரதி வாங்கிவந்தான். அதற்குப் பிறகுதான் இந்த வேலையின் ருசி தெரிந்தது. தாளில் இருப்பதை அப்படியே ஒட்டினால் கப்பல் வரும், மறுக்கவில்லை. ஆனால் கதவும் ஏணியும் ஜன்னலும் வெறும் படமாகச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே கெட்டுப்போன முதல் பிரதியிலிருந்து கதவுகளை மட்டும் வெட்டி எடுத்து, படத்தின் மேலேயே இன்னொரு அடுக்காக ஒட்டினேன். ஒரு தாளின் கனம்தான். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக விழுந்தபோது ஒவ்வொரு கதவுக்கும் ஒரு மயிரிழை நிழல் விழுந்தது. அன்று ராத்திரி சோறு வடிக்க மறந்துபோனேன்.

பக்கவாட்டு வட்ட ஜன்னல்களை, முனை மழுக்கி வட்டமாகத் தீட்டிய ஊசிமருந்துக் குழலால் குத்தி எடுத்து, உள்ளே சட்டைப் பெட்டியின் கண்ணாடித் தாளுக்குக் கறுப்பு பூசி ஒட்டினேன். கைப்பிடிக் கம்பிகள் இந்த அளவில் 4 மில்லிமீட்டர் உயரம்தான் வரும். ஓர் அட்டைச் சட்டத்தில் மெல்லிய நூலை மூன்று வரிசை இழுத்துக் கட்டி, குறுக்கே சிறு துண்டுகளை வைத்துப் பசையால் தொட்டு, காய்ந்ததும் வெட்டிக்கொள்ள வேண்டும். கொடிமரக் கயிறுகளுக்கு என் பழைய நைலக்ஸ் சேலையிலிருந்து உருவிய இழை. வெட்டிய ஓரமெல்லாம் வெள்ளையாகப் பல்லிளிக்கும்; ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு ஓரத்துக்கும் சாம்பல் வண்ணம் தடவியாக வேண்டும். கப்பல் செய்தவர் பொறுமைசாலியா அவசரக்காரரா என்று ஓரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

தோல் போர்த்துவதுதான் கடினம். நேராகப் போர்த்தினால் சில வாரங்களில் தாள் உள்வாங்கி, பட்டினி கிடந்த மாட்டின் விலா போல எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரியும். விலாக்களுக்கு இடையே கனமான அட்டைப் பட்டைகளை நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து, மேலே ஒரு மட்டத் தாள் ஒட்டி, அதன் பிறகே அச்சிட்ட தாளை ஒட்ட வேண்டும். இது எந்தக் குறிப்பிலும் இல்லை. நானாகக் கண்டுபிடித்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பல ஊர்களில் பலரும் இதையே செய்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. கொஞ்சம் ஏமாற்றம்தான்.

எம்டனுக்குப் பத்து பெரிய பீரங்கிகள். குழல் ஒவ்வொன்றும் ஒன்றரைச் சென்டிமீட்டருக்குச் சற்று மேல். கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இரண்டு வாரம் சுற்றியும் எனக்கு ஒன்றுகூட ஒழுங்காக வரவில்லை. கோவில் கொடைக்கு வந்திருந்த என் அக்கா முக்கூடலில் பீடி சுற்றுகிறவர். "இதுக்கா இந்தப் பாடு?" என்று கேட்டு, டீ ஆறுவதற்குள் பத்தையும் சுற்றி வைத்துவிட்டார். ஒரு முனை பெருத்து மறுமுனை சிறுத்து, நிஜ பீரங்கி மாதிரியே. மெல்லிய தாளைக் கம்பியில் சுற்றும் வித்தையை எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். ஆனால் அதன் கப்பல்காரர்கள் மரச்சட்டமும் பாய்த்துணியும் கொண்டு நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி செய்து வைத்திருந்தார்கள். அதை நிறுத்தினால் தூரத்திலிருந்து நான்கு புகைபோக்கி உள்ள பிரிட்டிஷ் கப்பல் போலத் தெரியும். 1914 அக்டோபர் 28 அதிகாலை அந்த வேஷத்தில்தான் பினாங்குக்குள் நுழைந்து ஜெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. தாளில் இந்த நான்காவது இல்லை. பைண்டிங் காலிகோ துணியில் ஒரு துண்டும் மூங்கில் ஈர்க்கும் வைத்து நானே செய்தேன், கழற்றி மாட்டும்படி. பொய்யான ஒன்றுக்கு இன்னொரு பொய் செய்கிறோமே என்று தோன்றியது. பேரனுக்கு முழுக் கப்பலிலும் அந்த ஒன்றுதான் பிடிக்கும். மாட்டினால் இங்கிலீஷ்காரன், கழற்றினால் எம்டன் என்று விளையாடுவான். கப்பல் முடிய 14 மாதங்கள் ஆயின. பத்து நிமிடம் என்று நீங்கள் எழுதியது எனக்கு ஏன் உறைத்தது என்று இப்போது புரியும்.

இவ்வளவும் எழுதியது ஒரு வேண்டுகோளுக்காக. போலந்தில் 1957 முதல் 'மாவி மோடெலாஷ்' என்று ஒரு பத்திரிகை வருகிறது. சின்ன மாடல்காரன் என்று பொருளாம். கப்பல், விமானம், வண்டி என்று இதழுக்கு இதழ் வெட்டி ஒட்டும் தாள்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் தபால் அட்டை அளவுத் தாளிலேயே மாடல்கள் விற்றிருக்கிறார்கள். தாள் தட்டுப்பாட்டிலும் அவர்களால் முடிந்தது என்றால், இவ்வளவு பெரிய எந்திரம் வைத்திருக்கும் உங்களால் மாதம் ஒரு பக்கம் ஒழுங்காகப் போட முடியாதா?

முதல் கப்பலாக எங்கள் ஊர்த் தோணியைப் போடுங்கள். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போன தூத்துக்குடித் தோணி. பழைய துறைமுகத்தில் நின்ற ஒன்றை, அதன் உரிமையாளரிடம் கேட்டு, நானும் மகனும் டேப் பிடித்து அளந்தோம். போர்க்கப்பலைவிட இது சிரமம் என்று அப்புறம்தான் தெரிந்தது. எம்டனின் பக்கவாட்டு ஒரு வாட்டத்தில்தான் வளையும். தோணியின் வயிறு இரண்டு வாட்டத்திலும் வளைகிறது; தேங்காயைத் தாளில் பொதிந்து பாருங்கள், சுருக்கம் விழாமல் முடியாது. அதனால் பக்கத்துக்கு ஆறு பட்டைகளாகப் பிரித்து, பலகை வைத்துக் கட்டுவது போலவே ஒவ்வொன்றாக ஒட்டும்படி வரைந்திருக்கிறேன். மொத்தம் 23 துண்டுகள், 18 சென்டிமீட்டர் நீளம், உங்கள் இணைப்பின் ஒரு பக்கத்தில் அடங்கும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டி வெட்டிக்கொள்ளலாம். அட்டையின் பின்புறமும் ஒரு தாள் ஒட்டச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பேரன் ஒரு சனிக்கிழமை காலையில் தொடங்கி மறுநாள் மத்தியானம் முடித்தான். ஆகவே இரண்டு நாள் ஆகும் என்றே போடுங்கள். வரைபடத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். இழை ஓடும் திசையை ஒவ்வொரு துண்டிலும் அம்புக்குறியால் காட்டியிருக்கிறேன். பக்கத்தை வடிவமைப்பவர் இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று எதையும் திருப்பிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கத்தை வெறுமையாக விட உங்களுக்குக் கட்டாது என்பது அச்சகத்தில் இருந்த எனக்குத் தெரியும். குறுக்கெழுத்தை மட்டும் வேறு பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். வெட்டினாலும் யாரும் தேடாத எதையாவது அங்கே போடலாம். வாசகர் கடிதங்களைப் போட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பைண்டிங் தொழிலாளி ஒருவர்,
தூத்துக்குடி.