காரைக்கும் கருடமங்கலத்துக்கும் ஃபாசில் பொறுக்கப் போறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே, வணக்கம்.

லீவு நாள்ல பைக்கை எடுத்துட்டு பெரம்பலூர், அரியலூர் பக்கம் போய் ஃபாசில், அதாவது கல்லாகிப் போன நத்தை, சங்கு, அம்மோனைட்னு (சுருள் ஓட்டோட அந்தக் காலத்துக் கடல்ல இருந்த உயிரு) பை நிறைய அள்ளிட்டு வர்ற உங்க எல்லாருக்கும்தான் இதை எழுதுறேன். திட்டுறதுக்கு இல்ல, நானும் அப்படி அள்ளினவன்தான். காலேஜ் படிக்கிறப்ப முதல் தடவை போனப்ப காரையில எடுத்ததையும் கல்லங்குறிச்சியில எடுத்ததையும் ஒரே மஞ்சப்பையில போட்டுக் கொண்டுவந்து வீட்டுல கொட்டிப் பார்த்தா எது எந்த ஊருன்னு எனக்கே தெரியல. ரெண்டு ஊரையும் ஒரே நாள்ல பார்த்துட்டு வந்துடலாம், ஆனா காரைக் களிமண்ணு சுமார் 10 கோடி வருஷம் பழசு, கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல்லு சுமார் 7 கோடி வருஷம். நடுவுல 3 கோடி வருஷம் இருக்கு. அந்த மஞ்சப்பையில கட்டைவிரல் அளவு நத்தை ஒண்ணு ரொம்ப நல்லா இருந்துச்சு, அது இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஒரு அழகான கல்லு மட்டும்தான், அதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது.

ஏன் சொல்ல முடியாதுன்னு கேட்டா, ஒரு கல் நத்தையை இன்ன இனம்னு சொல்றது எப்படின்னு கொஞ்சம் பார்க்கணும். முதல்ல பழைய டூத்பிரஷ், தண்ணி, கோணி ஊசி வெச்சு மண்ணை எடுக்கணும், அவசரப்பட்டா முனை போயிடும், முனைதான் உயிர். அந்த நுனியில இருக்கிற குட்டி ஓடு நத்தை குஞ்சா இருக்கும்போதே போட்டது, அது கெடைச்சா குஞ்சு கடல்ல ரொம்ப நாள் மெதந்து வளர்ந்ததா இல்ல சீக்கிரமே அடியில இறங்கிடுச்சான்னு கூட சொல்லலாம். அப்புறம் எத்தனை சுத்து, ஒரு சுத்தும் அடுத்த சுத்தும் சேர்ற கோடு எவ்ளோ ஆழம், மேல மேடு மேடா வரி இருக்கா, வாய் வட்டமா நீளமா, வாய்க்குக் கீழ மூக்கு மாதிரி நீட்டிட்டு இருக்கா, வளர்ச்சிக் கோடு எந்தப் பக்கம் வளையுது, உயரம் அகலம் எத்தனை மில்லிமீட்டர்னு ஒண்ணொண்ணா எழுதணும். இதுல நம்ம ஆளுங்க ஒண்ணு கவனிக்கணும், முனை மேல இருக்கிற மாதிரி வெச்சு வாயை நம்மளைப் பார்க்கத் திருப்பினா வாய் வலது பக்கம் வந்தா அறிவியல்ல அது வலச்சுத்து, ஆனா சாதாரணமா அப்படி வர்ற சங்கைத்தான் நம்ம ஊர்ல இடம்புரின்னு சொல்றோம், அரிதா கெடைக்கிற வலம்புரிக்கு வாய் இடது பக்கம். அதனால நோட்டுல வலம்புரின்னு மட்டும் எழுதிடாதீங்க, வாய் எந்தப் பக்கம்னு எழுதுங்க.

இன்னொரு சிக்கலும் இருக்கு. நிறைய நத்தைக்கு ஓடே இருக்காது, ஓடு கரைஞ்சு போய் உள்ள அடைஞ்ச சேறு மட்டும் கல்லாகி நிக்கும், தட்டு இல்லாம இட்லி மட்டும் கெடைக்கிற மாதிரி. வெளியில இருந்த வரி, மேடு எதுவும் அதுல தெரியாது, ரெண்டு வேற வேற இனம் அச்சு அசல் ஒண்ணாவே இருக்கும். அப்ப கைக்கு இருக்கிற ஒரே பிடி எந்தப் பாறை அடுக்குல கெடைச்சதுங்கிறதுதான்.

இந்த அடுக்கு விஷயம் நேத்து வந்ததில்ல. மெட்ராஸ்ல வேலை பார்த்த கே, கன்லிஃப்னு ரெண்டு வெள்ளைக்கார அதிகாரிங்க பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கம் சேர்த்த ஃபாசிலை எட்வர்ட் ஃபோர்ப்ஸ்ங்கிற இயற்கை ஆராய்ச்சியாளர் லண்டன்ல வெச்சுப் பார்த்து 1846-ல வெளியிட்டார். அதுல ஒரு சோழிக்கு கே பேரையே வெச்சு சைப்ரியா கேயின்னு எழுதினார். சோழியை எல்லாம் பின்னாடி பல பேரினமா பிரிச்சுட்டாங்க, ஆனா முன்னாடி இருக்கிற பேரினப் பேரு மாறினாலும் கேயிங்கிற ரெண்டாவது பாகம் அது கூடவே போகும், அதுதான் விதி. அப்புறம் புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்த நிலத்தை சர்வே பண்ணி 1862-ல ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர்னு மூணு பிரிவா அடுக்கிக் காட்டினார். அந்த அடுக்கு கையில இருந்ததாலதான் ஃபாசில் ஆராய்ச்சியாளர் ஸ்டோலிச்கா 1868-ல நம்ம பக்கத்து நத்தைகளைப் பத்தி முழுசா ஒரு தொகுதி போட்டப்ப ஒவ்வொண்ணுக்கும் எந்த ஊரு, எந்தப் பிரிவுன்னு எழுத முடிஞ்சுது. அப்ப அவருக்கு 30 வயசுதான், 36-ல லடாக் மலையில செத்துப் போயிட்டார். அவர் போட்ட ஊர்ப் பேரை வெச்சு இன்னைக்கும் நாம நடந்து போய் அதே பாறையில கை வைக்கலாம், அதை நினைச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்கும்.

புது இனம்னு ஒண்ணு கெடைச்சாலும் இதே கதைதான். 1999-க்கு அப்புறம் புது இனத்துக்குப் பேர் வைக்கணும்னா அந்தப் பேருக்கு அடையாளமா நிக்கிற மாதிரியை, அதாவது ஹோலோடைப்பை, குறிப்பிட்டு அது எந்த சேகரிப்புல இருக்கும்னும் எழுதியே ஆகணும், இல்லேன்னா பேரே செல்லாது. உங்க ஷோகேஸ்ல இருக்கிறது ஒருவேளை உலகத்துலயே யாரும் எழுதாத நத்தையா இருக்கலாம், ஆனா ஊரு தெரியாத கல்லை எந்த ஆராய்ச்சியாளரும் ஹோலோடைப்பா எடுக்கத் தயங்குவாங்க.

அதனால உங்ககிட்ட கேக்குறது இதுதான். காரை மாதிரி மழை அரிச்ச பள்ளத்துல பாறையோட ஒட்டி இருக்கிறதைப் பேர்க்காதீங்க, ஸ்கேல் வெச்சு போட்டோ எடுத்து லொகேஷனோட சேவ் பண்ணுங்க, அது போதும். சிமெண்ட் சுரங்கத்துல நிலைமை வேற, அங்க நீங்க நின்ன அடுக்கு அடுத்த வருஷம் இருக்காது, அனுமதி வாங்கிட்டுப் போய் எடுத்தா அது அரைபடாம தப்பிக்கும். ஆனா எடுத்தா ஒரு ஊருக்கு ஒரு பை, ஒரு அடுக்குக்கு ஒரு கவர், உள்ள ஒரு சீட்டு. சீட்டை பென்சில்ல எழுதுங்க, பேனா மை ஈரத்துல ஊறிப் போயிடும். ஊரு, தேதி, கீழ இருந்து எத்தனாவது அடுக்கு, பாறை களிமண்ணா சுண்ணாம்பா மணலா, கீழ உதிர்ந்து கெடந்ததா பாறையிலயே இருந்ததா, இவ்ளோ எழுதினா போதும்.

ஏற்கெனவே வீட்டுல வெச்சிருக்கீங்களா? எங்க எடுத்தோம்னு ஞாபகம் இருக்கும்போதே, கூட வந்த ஃபிரெண்டுகிட்டயும் கேட்டு, இன்னைக்கு ராத்திரியே எழுதிப் போட்டுடுங்க.