தலையில் அடிபட்டு வரும் பிள்ளைகள்

அன்புள்ள முருகா,

மாறுதல் கிடைத்ததில் சந்தோஷம்டா. உன் தாலுகா ஆஸ்பத்திரியில் சிடி ஸ்கேன் மெஷின் இல்லை, தலையில் அடிபட்ட பிள்ளையை எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருந்தாய். இங்கே கீழ்த்தளத்திலேயே சிடி இருக்கிறது, எங்கள் தொல்லையே அதுதான். தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கமிருந்து வருகிற அம்மாக்கள் ஓ.பி. சீட்டு போடும் முன்பே "ஸ்கேன் எழுதிக் குடுங்க டாக்டர்" என்கிறார்கள். அத்தனை கதிர்வீச்சை வளர்கிற மூளைக்குள் சும்மா விட முடியுமா?

எந்தப் பிள்ளைக்கு ஸ்கேன் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று சொல்கிற பெகார்ன் (PECARN) விதியைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். 2009இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது, அமெரிக்காவில் 42,412 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு. ஜிசிஎஸ், அதாவது 15க்குப் போடுகிற நினைவுநிலை மதிப்பெண், 14, 15 உள்ளவர்களுக்கு மட்டும்தான் பொருந்தும். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் தெளிவு குறைந்திருக்கிறதா, மண்டையோட்டில் முறிவு கைக்குத் தட்டுப்படுகிறதா என்று முதலில் பார். இதில் ஒன்று இருந்தாலும் தயங்காமல் சிடி உள்ள இடத்துக்கு அனுப்பிவிடு. அப்புறம் நெற்றி தவிர்த்துப் பிடரியிலோ பக்கவாட்டிலோ புடைப்பு, 5 வினாடியோ அதற்கு மேலோ நினைவிழப்பு, 3 அடிக்கு மேலிருந்து விழுந்தது போன்ற பலமான அடி, இதையெல்லாம் கேள். கடைசியாக ஒன்று, எனக்குப் பிடித்ததே அதுதான்: "புள்ள எப்பவும் போல இல்ல சார்" என்று அம்மா சொல்வதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது! பாதிப் பேர் அதைப் புலம்பல் என்று தள்ளிவிடுகிறோம். இந்த ஆறும் இல்லையென்றால் பெரிய காயம் இருக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் இரண்டுக்கும் குறைவு. வாந்தியைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் கைக்குழந்தைப் பட்டியலில் வாந்தியே கிடையாது. இரண்டு வயதுக்கு மேல்தான் அதுவும் கடும் தலைவலியும் சேரும், உயரமும் 5 அடியாகும்.

முதல் இரண்டும் இல்லாமல் மற்றதில் ஏதாவது இருந்து நடுவில் நிற்கிற கேஸ்களை அடிபட்டதிலிருந்து நாலு முதல் ஆறு மணி நேரம் வரை வார்டிலேயே வைத்துப் பார். அதற்கு மெஷின் வேண்டாம், பொறுமைதான் வேண்டும், ராத்திரி டூட்டியில் அது கிடைப்பதுதான் கஷ்டம். சொல்கிற கதைக்கும் காயத்துக்கும் ஒட்டவில்லை என்றால் யாராவது அடித்திருக்கலாம், வீட்டுக்கு அனுப்பாதே.

மாடியில் பட்டம் விடுகிறவர்களைவிட பைக் டேங்கில் உட்கார்ந்து வருகிற பிள்ளைகளைக் கண்டால்தான் எனக்குப் பதறுகிறது. நீயும் உன் பொண்ணை அப்படி உட்கார வைத்துத்தானே போட்டோ போட்டிருக்கிறாய்? 2022 விதிப்படி 9 மாதம் முதல் 4 வயது வரை பைக்கில் ஹெல்மெட்டும் ஓட்டுகிறவரோடு பிணைக்கிற பெல்ட்டும் வேண்டும், வேகமும் 40க்கு மேல் போகக்கூடாது. பொங்கலுக்கு வரும்போது அவள் தலை அளவை எடுத்துக்கொண்டு வா, மூர் மார்க்கெட் பக்கம் போய் வாங்கிவிடலாம்.

உன்,
சேகர்