தோழன் நிற்கப்போகிறவன்

வட்டக்கச்சி,
பங்குனி.

அன்பு மச்சான்,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே காலபோகம் அறுத்து முடிந்தது. கடைசி மழை கொஞ்ச நெல்லைப் பழுதாக்கினாலும் வீட்டுத் தேவைக்குக் குறையில்லை. மகளின் கலியாணம் வைகாசியில். சீதனமாக எழுதின வளவுத் துண்டில் வீட்டுக்கு அத்திவாரம் போட்டாயிற்று. மாப்பிள்ளை இங்கேயே வந்து இருக்கப்போகிறார்.

மாப்பிள்ளையை வரவேற்கப் பெண்ணின் சகோதர முறையில் நிற்கும் தோழன் யார் என்பதில்தான் கதை எழும்பியது. அவளுக்குக் கூடப்பிறந்த ஆண் சகோதரம் இல்லை. 2008 கடைசியில், சண்டைக்குப் பயந்து தருமபுரம் தாண்டி ஓடும்போது எங்கள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்ட பொடியன்தான் நிற்பான் என்றோம். அப்போது அவனுக்கு ஐந்து வயது. என் மனுசியின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நித்திரையானவன், பிறகு அதை விடவேயில்லை. பேச்சுக்கால் அன்று ஒரு பெரியவர் எல்லாருக்கும் முன்னால், "அவன் உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இரவு முழுக்க அதே நெருடல்.

அந்தக் கிழமைதான் துருக்கியில் இருக்கும் சாத்தல்ஹோயுக் என்ற ஆதிக் கமக்காரர் ஊரைப் பற்றி வாசித்தேன். ஏறத்தாழ 9,000 வருடப் பழசு. வீடுகள் எல்லாம் சுவரோடு சுவர் ஒட்டிய மண்வீடுகள். கூரையில் ஏறி, ஏணியால் உள்ளே இறங்க வேண்டும். செத்தவரை வீட்டுக்குள்ளேயே, படுக்கிற திண்ணைக்குக் கீழே, முழங்காலை மடக்கிப் புதைப்பார்கள். மேலே திரும்பச் சாந்து பூசிவிட்டு அதே வீட்டில் வாழ்ந்திருக்கிறார்கள்.

2025 இல் வந்த மரபணு ஆய்வு, 35 வீடுகளில் புதைத்த 131 பேரைப் பார்த்தது. ஒரு வீட்டுக்குள் இருந்த இரத்தத் தொடர்பு பெரும்பாலும் தாய்வழி. பெண் பிள்ளைகள் பிறந்த வீட்டோடு நின்றிருக்கிறார்கள். சிறுமிகளின் குழிகளில் வைத்த பொருட்கள், சிறுவர்களுக்கு வைத்ததைப்போல ஐந்து மடங்கு! ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் பதித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை ஞாபகம் வந்தது: தாயின் சீதனம் மகளுக்கு. ஆனால் பிரான்சின் குர்ஜி என்ற இடத்தில் உள்ள ஆதிகாலப் புதைகாட்டில் நேர்மாறு. ஏழு தலைமுறை, 64 பேர், முழுக்கத் தந்தைவழி. பெண்கள் வெளியிலிருந்து வந்தவர்கள்.

என்னை உலுக்கியது வேறு, மச்சான். சாத்தல்ஹோயுக்கின் பிந்திய காலத்தில் ஒரே வீட்டு நிலத்தடியில் கிடந்த பலருக்கு இடையில் இரத்த உறவே இல்லை. ஆனாலும் அந்த வீடு அவர்களைத் தன் ஆட்களாகத்தான் வைத்திருந்தது. அவர்களில் எத்தனை பேர் யாரோ பெற்று யாரோ வளர்த்த பிள்ளைகளோ! அதை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த நாள் காலமை அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய், "அவன் எங்கட பிள்ளை முறை" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணி தந்தார்.

நீ கட்டாயம் வரவேண்டும். டிக்கெட் போட்டதும் எழுது. மாப்பிள்ளையின் காலைக் கழுவி அவன் மோதிரம் வாங்கும்போது, நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

உன்,
மச்சான்