கீசர் வால்வை அடைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்த்திகை மழை பிடித்ததும் பெரம்பூர், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கமெல்லாம் பிளம்பர்களுக்கு வரும் புகார், 'கீசருக்குக் கீழே தண்ணீர் சொட்டுது' என்பதுதான். பல வீடுகளில் இதற்குச் செய்கிற வைத்தியம், கீசருக்குள் அழுத்தம் ஏறினால் தண்ணீரை வெளியே விடும் சேஃப்டி வால்வின் வாயில் டம்மி (அடைப்பு மூடி) போட்டோ எம்சீல் பூசியோ அடைத்துவிடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குச் சூடானால் அரை லிட்டருக்குச் சற்று மேல் விரியும். அந்த வால்வு தண்ணீரை வந்த வழியே திரும்பிப் போகவிடாது. குழாயும் மூடியிருக்கும்போது, விரிந்த தண்ணீர் வெளியேற வால்வின் சிறிய வாய் ஒன்றுதான் வழி. அதையும் அடைத்த கீசரில் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும், சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் பழுதானால், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் ஆவியாக முடியாமல் அழுத்தத்தில் அடைபட்டு நிற்கும். டேங்க் பிளந்தால் அதில் ஒரு பகுதி அந்த நொடியே ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல்!

முதலில், எப்போது சொட்டுகிறது என்று பாருங்கள். வால்வுக்குக் கீழே ஒரு மக்கை வையுங்கள். கீசர் ஓடும்போது மட்டும் சொட்டி, ஒரு முறை முழுதாகச் சூடாவதற்குள் மக்கில் அரை லிட்டர் அளவுக்குச் சேர்ந்தால் பழுதில்லை. ஸ்விட்சை அணைத்து, தண்ணீர் ஆறிய பிறகும் இரவெல்லாம் சொட்டினால்தான் கோளாறு.

அப்போது 0–10 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) காட்டும் பிரஷர் கேஜ் ஒன்றை அதே பாத்ரூமின் பச்சைத் தண்ணீர்க் குழாயில் மாட்டுங்கள். மொட்டைமாடி டேங்க்கிலிருந்து ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் ஏறக்குறைய 1 பார். கேஜ் 2, 3 பார்தான் காட்டுகிறது, ஆனால் 8 பாரில் திறக்க வேண்டிய வால்வு சொட்டுகிறது என்றால் வால்வுதான் கெட்டிருக்கிறது. மீஞ்சூர், எண்ணூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது ஊரறிந்தது. இங்கே போர் தண்ணீரின் உப்பும் மணலும் வால்வின் சீட்டில் (உள்ளே மூடி அமரும் இடத்தில்) உட்கார்ந்துகொள்ளும். கீசர் ஆறியபின் லிவரை இரண்டு மூன்று முறை தூக்கிவிட்டால் சில நேரம் கழுவிக்கொண்டு போய்விடும். நிற்காவிட்டால் மாற்றிவிடுங்கள். கீசரில் ஒட்டியிருக்கும் விவரப் பட்டியில் தாங்கும் அழுத்தம் 6.5 பார் என்றிருந்தால் 8 பார் வால்வு கூடாது.

கேஜ் 4 பாரைத் தாண்டினால் பிரஷர் பம்பைப் பாருங்கள். மாடியில் 3 பாருக்கு வைத்த பம்ப், நாலு மாடி கீழே 4 பாருக்கு மேல் தள்ளும். சுடுதண்ணீர் ஓடும் சிபிவிசி (பிளாஸ்டிக்) குழாயின் தாங்குசக்தி சூட்டில் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால் இதை அலட்சியம் செய்யக் கூடாது. கீழ்த்தள லைனில் பிரஷர் குறைக்கும் வால்வு போட்டு 3 பாரில் வையுங்கள். குழாயைத் திறந்ததும் பம்ப் விட்டு விட்டு ஓடினால் அதன் பிரஷர் டேங்க்கில் காற்று இறங்கியிருக்கும். காற்று வால்வை அழுத்தும்போது தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் பை கிழிந்துவிட்டது.

சொட்டு சுவரை நனைக்கிறது என்பதுதான் கவலையென்றால், வால்வின் வாயில் ஒரு டியூப் மாட்டி, சரிவாக இறக்கி, தரைச் சல்லடை வரை விடுங்கள். அதன் முனை திறந்தே இருக்க வேண்டும்.

பிளம்பிங் மேஸ்திரிகள் சிலர்,
வியாசர்பாடி