கைப்பிடிச் சுவரும் வேதத்தில்தான் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாசரேத் பக்கம் கட்டட மேஸ்திரியாக இருக்கிறேன். உங்கள் ஆன்மிகப் பகுதியில் வரும் பைபிள் வசனங்களை விடாமல் வாசிக்கிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் சபைகளில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை, அதாவது அந்த வருஷத்துக்கான ஆசீர்வாத வசனம் அச்சிட்ட அட்டை வாங்குவோம். வருஷம் முழுக்க அது பீரோ கதவில் ஒட்டியிருக்கும். இப்போது வாட்ஸ்அப்பிலும் தினம் ஒரு வசனம் வருகிறது. அது வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கிறவருக்கு, "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்" என்கிற ஏசாயா 41:10 பெரிய பலம். ஆனால் அந்த ஒரு வசனத்தோடு எங்கள் வேதமான பைபிளை மூடிவிடுகிறோமே, அதுதான் என் வருத்தம்.

நல்ல முடிவைத் தருவேன் என்று கடவுள் சொல்லும் எரேமியா 29:11 இல்லாத கிறிஸ்தவ வீடு குறைவு. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் வரும் வசனம் அது. திரும்பி வர எழுபது வருஷம் ஆகும் என்று முந்தின வசனம் சொல்கிறது. அதற்கும் மேலே, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று இருக்கிறது. வெளியூரில் பிழைக்கப் போன நம் பிள்ளைகளுக்கு அந்தக் கடிதம் முழுவதும் தேவை.

வேதத்தில் 1,189 அதிகாரங்கள். தினம் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் ஒரு வருஷத்தில் முடியும். ஜனவரியில் ஆதியாகமம், யாத்திராகமம் வேகமாக ஓடும். பிப்ரவரி பிறக்கும்போது சட்டங்கள் நிறைந்த லேவியராகமம் வரும். பலர் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். என் பிழைப்புக்கு வேண்டிய பாடங்கள் எனக்கு அப்படிப்பட்ட சட்டப் பக்கங்களில்தான் கிடைத்தன.

உபாகமம் 22:8, புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும் என்கிறது. ஒருவன் விழுந்து செத்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்று காரணமும் சொல்கிறது. எங்கள் தொழிலில் கையில் பணம் குறைந்தால் முதலில் தள்ளிப்போவது அந்தச் சுவர்தான். "தளம் போட்டாச்சு, குடி போயிருவோம், அதை அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள். சபை ஐயர் (எங்கள் போதகர்) வந்து புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபமும் நடக்கும். மறுநாள் துணி காயப்போட அம்மா மாடி ஏறினால் பின்னாலேயே குழந்தையும் ஏறும். அதனால் எஸ்டிமேட் பேசும்போதே இந்த வசனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு மதத்து வீட்டுக்காரர்களும் மறுக்காமல் கேட்டுக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை விழாமல் பார்ப்பதும் தேவபக்தி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்த ஒரு வசனம்.

அடுத்தது கூலி. லேவியராகமம் 19:13 கூலிக்காரனுடைய கூலியை விடியும்வரை வைத்திருக்கக் கூடாது என்கிறது. உபாகமம் 24, பொழுது போகுமுன் கொடு, அவன் ஏழை, அதையே நம்பியிருக்கிறான் என்கிறது. சொந்த ஜனத்தானுக்கு மட்டும் இல்லை, உன் ஊரில் இருக்கிற அந்நியனுக்கும் இதே நியாயம் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. எங்களிடம் இப்போது வடமாநிலப் பையன்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். பாஷை தெரியாது, கேட்டு வாங்க ஆள் கிடையாது. தளம் போட்ட சனிக்கிழமை ஒரு வீட்டுக்காரர் பணம் தராமல் உபவாச ஜெபத்துக்குப் போய்விட்டார். சித்தாள் பெண்கள் இருட்டும்வரை மணல் குவியலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஜெபத்தை நான் குறை சொல்லவில்லை. அன்று காலை அவர் வாசித்தது உபாகமம் 24 ஆக இருந்திருந்தால், அந்தப் பெண்களுக்குச் சம்பளம் கொடுத்துவிட்டுத்தான் ஜெபத்துக்குக் கிளம்பியிருப்பார் என்று நம்புகிறேன்.

வெறும் பெயர்ப் பட்டியல் என்று நாம் தள்ளிவிடும் நெகேமியா 3-ஐயும் சொல்ல வேண்டும். எருசலேம் அலங்கத்தை, அதாவது நகர மதிலைக் கட்டத் தட்டார்கள் வந்தார்கள், தைலக்காரர் வந்தார், ஒருவர் தன் குமாரத்திகளோடு வந்தார். பலர் அவரவர் வீட்டுக்கு எதிரே இருந்த பங்கைக் கட்டினார்கள். 52 நாளில் வேலை முடிந்தது.

வாரத்தில் ஒரு நாளாவது இப்படிப்பட்ட பகுதிகளுக்கு உங்கள் ஆன்மிகப் பகுதியில் இடம் கொடுங்கள். வசனத்தை மட்டும் போடாமல் முன்பின் வசனங்களையும் சேர்த்துப் போடுங்கள். முதலில் லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டால் நல்லது.

இப்படிக்கு,
கட்டட மேஸ்திரி,
நாசரேத், தூத்துக்குடி மாவட்டம்.