ஏழு மாசம் வரைக்கும் காட்டு வேலை, போட்டுக்க ஒரு துணி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

நான் ஏற்காடு நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துல வேலை பாக்குறேன். போன சீசன்ல கார்த்திகை பொறந்து பழம் பறிக்க ஆரம்பிச்சப்போ எனக்கு நாலாம் மாசம், தையில சீசன் முடியுறப்போ ஏழாம் மாசம். இப்ப பாப்பாவுக்கு ஏழு மாசம் ஆச்சு, அத்தைகிட்ட விட்டுட்டு மறுபடியும் பழம் பறிக்கப் போயிட்டு இருக்கேன். இந்த வருசம் எங்க செட்டுல இன்னும் ரெண்டு பேரு முழுகாம இருக்காங்க, அவங்களைப் பாக்குறப்போ போன வருசம் நான் பட்டதெல்லாம் ஞாபகம் வருது, அதான் எழுதுறேன்.

எங்க வேலை எப்படின்னு மலைக்குக் கீழ இருக்கிறவங்களுக்குத் தெரியாது. காலையில தோட்டத்துக்குள்ள போறப்போ செடி எல்லாம் பனியில நனைஞ்சு நிக்கும், ரெண்டு வரிசை தாண்டுறதுக்குள்ள சேலை தொடை வரைக்கும் ஈரமாகி கனத்துப் போயிடும். அதுக்குத்தான் யூரியா சாக்கை வெட்டி இடுப்புல கட்டிக்குவோம், அதுக்கு மேல பழம் போடுற பை, மேல வீட்டுக்காரரோட பழைய முழுக்கை சட்டை. சும்மா இருக்கிற உடம்புக்கு இது பழகிடுச்சு. வயித்துல புள்ளை இருக்கிறப்போ பாவாடை நாடாவை எங்க கட்டுறது சொல்லுங்க, வயித்து மேல கட்டினா அழுத்துது, வயித்துக்குக் கீழ கட்டினா சரிவுல நாலு எட்டு இறங்குறதுக்குள்ள நழுவுது. அஞ்சாம் மாசத்துல ஒரு நாள் பையோட இறங்குறப்போ கொசுவம் கால்ல மாட்டி தடுமாறிட்டேன், பக்கத்துல சில்வர் ஓக் மரம் இருந்துச்சு, கட்டிப் புடிச்சு நின்னுட்டேன். உள்ளங்கை தோல் உரிஞ்சுது, அவ்வளவுதான். ஆனா அன்னிக்கி ராத்திரி பாப்பா அசையுற வரைக்கும் நான் தூங்கல.

செக்கப்புக்குப் போனப்போ சிஸ்டர் திட்டினாங்க. வயிறு முன்னாடி வர வர உடம்போட வெயிட்டு முன்னாடி சாயும், பேலன்ஸ் முன்ன மாதிரி இருக்காது, சரிவுல சேலை கட்டாத, பேண்ட் போடுன்னாங்க. சரின்னு அடுத்த ஞாயித்துக்கிழமை வாந்தியை அடக்கிக்கிட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் போனோம். ஒரு பெரிய கடையில கர்ப்பிணிகளுக்குத் தனியாவே ஒரு செக்ஷன் இருந்துச்சு. அங்க இருந்த பொண்ணு நல்ல பொண்ணு, எல்லாத்தையும் எடுத்துப் போட்டுச்சு, பீடிங் நைட்டி, ரேயான் குர்தி, வளைகாப்புக்குப் போட்டோ எடுக்கிற கவுன், லைக்ரா லெகின்ஸ். காட்டு வேலைக்குத் தாங்குற மாதிரி கெட்டித் துணியில பேண்ட் இருக்காம்மான்னு கேட்டேன், அப்படி யாரும் கேட்டதே இல்லக்கான்னுச்சு. லெகின்ஸ் ரெண்டு வாங்கிட்டு வந்தேன். ஒண்ணு மூணாவது நாளே உண்ணிச்செடி முள்ளுல கிழிஞ்சுது, இன்னொண்ணு வேர்வையில ஒட்டி ஒட்டி தொடை இடுக்குல படை வந்திடுச்சு. இந்த நேரத்துல உடம்பு சூடு எப்பவும் விட ஜாஸ்தி, வேர்வையும் ஜாஸ்தி, நைலான் மாதிரித் துணியெல்லாம் வேலைக்கு ஆகாது.

கடைசியில செவ்வாப்பேட்டையில தைக்கிற எங்க சின்னம்மாதான் வழி பண்ணுனாங்க. காக்கி டிரில் துணி ரெண்டரை மீட்டர் எடுத்தோம், பள்ளிக்கூட யூனிபார்மும் செக்யூரிட்டி பேண்ட்டும் தைக்கிற அதே காட்டன் துணிதான். முன்பக்கம் இடுப்பை வயித்துக்குக் கீழ வர்ற மாதிரி இறக்கி வெட்டிட்டு, அதுக்கு மேல பனியனுக்குப் போடுற ரிப் துணியை ரெண்டு மடிப்பா ஒரு சாண் அகலத்துக்கு வச்சுத் தச்சாங்க, அது வயித்தை அழுத்தாம சும்மா தாங்கிப் பிடிக்கும். ரெண்டு பக்கமும் மூணு மூணு காஜா, மாசம் ஏற ஏற ஒவ்வொரு பட்டனா தள்ளிப் போட்டுக்கலாம். மியானி, அதான் ரெண்டு கால் சேர்ற இடத்துல வைக்கிற துண்டு, அதைப் பெருசா வச்சு எல்லா இடத்துலயும் டபுள் தையல், முட்டிக்கு இன்னொரு துண்டு. இதுல முக்கியமானது தோள் பட்டை. ஸ்கூல் பேக்குக்கு வைக்கிற நாடாவுல தோளுக்கு ரெண்டு பட்டை வச்சாங்க பாருங்க, பேண்ட்டோட கனம் பூரா தோளுக்குப் போயிடுச்சு, இடுப்புல எதுவும் இறுக்கல, நழுவவும் இல்ல. பழம் போடுற பையையும் இடுப்புல இருந்து எடுத்து தோள்ல மாட்டுற மாதிரி மாத்திக்கிட்டேன், பாதி ரொம்பினதும் கொண்டு போய் கொட்டிடுவேன். சட்டைக்கு புதுசா ஒண்ணும் பண்ணல, வீட்டுக்காரரு சட்டையோட ரெண்டு பக்கத் தையலையும் பிரிச்சு முக்கோணமா துணி சேர்த்தாங்க, அவ்வளவுதான்.

அந்த ஒரு பேண்ட்ல சீசன் முடிஞ்சுது. எங்கயும் கிழியல.

இதுக்கு சட்டத்துல என்ன இருக்குன்னு யூனியன் அண்ணன்கிட்ட கேட்டேன். 1951ல போட்ட தோட்டத் தொழிலாளர் சட்டத்துல மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, ரெயின்கோட்டுன்னு குடுக்க ஒரு பிரிவே வச்சாங்களாம். 1961 மகப்பேறு சட்டத்துல, பிரசவத்துக்கு முன்னாடி வர்ற ஆறு வாரத்துக்கும் முந்தின ஒரு மாசம், கர்ப்பிணி கேட்டுக்கிட்டா கஷ்டமான வேலை, ரொம்ப நேரம் நிக்கிற வேலை குடுக்கக் கூடாதுன்னு வச்சாங்க. 2017ல லீவை 26 வாரமா ஆக்குனாங்க, ரொம்ப நல்லது, ஆனா அதுல பிரசவத்துக்கு முன்னாடி எடுக்குறது 8 வாரத்துக்கு மேல போகக் கூடாது. அப்ப ஏழாம் மாசம் வரைக்கும் பொம்பளைங்க வேலையில இருப்பாங்கன்னு சட்டம் போட்டவங்களுக்கே தெரியும்தானே, அவ்வளவு நாள் எதைப் போட்டுக்கிட்டு வேலை பாப்பாங்கன்னு ஏங்க யாரும் யோசிக்கல? இதுல சின்னத் தோட்டத்துல தினக்கூலிக்குப் போறவங்க நிலைமை இன்னும் மோசம், எனக்குத் தெரிஞ்சு பல பேரு லீவுன்னு ஒண்ணை எடுத்ததே இல்ல, எட்டு மாசத்துலயும் கூலிக்கு வர்றாங்க. நல்ல துணி குடுத்துட்டோம்னு சொல்லி கர்ப்பிணியை சரிவுல ஏத்தி வேலை வாங்கணும்னு நான் சொல்லல, அதைத் தயவு செஞ்சு யாரும் அப்படி எடுத்துக்கக் கூடாது. சமமான எடத்துல, நிழல்ல வேலை குடுக்கணும், அதோட துணியும் வேணும்.

எங்களுக்கு மட்டும் இல்லைங்க. ஆத்தூர் பக்கம் சேகோ பேக்டரியில கிழங்கு தோல் உரிக்கிறவங்க, களத்துல வெயில்ல மாவு காயப் போடுறவங்க, நூறு நாள் வேலையில மண்ணு வெட்டுறவங்க, விடியக்காலையில ரோடு கூட்டுறவங்க, எல்லாரும் நைட்டி மேல ஒரு சட்டைதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல 18,000 ரூபாய்க்கு உதவி வருது, அதுல ஊட்டச்சத்துப் பெட்டகம்னு பேரீச்சம்பழம், நெய், சத்துமாவெல்லாம் வச்சுக் குடுக்குறாங்க, எனக்கும் வந்துச்சு, நல்லா பிரயோசனப்பட்டுச்சு. உடல் உழைப்பு வேலைக்குப் போறவங்கன்னு சொன்னா அதோட இந்த மாதிரி பேண்ட் ரெண்டு சேர்த்துக் குடுக்க அரசாங்கம் யோசிக்கணும். திருப்பூரு இங்க இருந்து மூணு மணி நேரத் தூரம், எலம்பிள்ளை, ஓமலூரு எல்லாம் இன்னும் பக்கம், தைக்கத் தெரிஞ்ச பொம்பளைங்க மகளிர் குழுவுல எத்தனை பேரு இருக்காங்க, அவங்களுக்கே ஆர்டர் குடுத்தா அவங்களுக்கும் வேலை.

என்னோட பேண்ட் இப்ப எங்க செட்டுல அஞ்சு மாசமா இருக்கிற புள்ளைகிட்ட இருக்கு, ரெண்டாவது பட்டன்ல போட்டுக்கிட்டு வருது. இன்னொருத்திக்கு இடுப்பு சைஸ் வேற, அவளுக்கு சின்னம்மா புதுசா தைக்கிறாங்க. அளவெல்லாம் நியூஸ் பேப்பர்ல வெட்டி எடுத்து பத்திரமா வச்சிருக்காங்க, எந்தக் குழுவாவது தைக்கிறோம்னு சொன்னா காசு வேணாம், பேட்டர்ன் சும்மாவே தர்றோம்னு சொல்லச் சொன்னாங்க.

இப்படிக்கு,
காப்பித் தோட்டத் தொழிலாளி,
நாகலூர், ஏற்காடு